பூ உதிர்ந்த பின்னும் வண்ணம்: குளிர்நாட்டுத் தோட்டங்களின் நெடுங்கேள்வி

தெற்கு இங்கிலாந்தின் தோட்டங்களில் ஜூன் மாதம் திருவிழாக் காலம். ரோஜா, பியோனி, ஐரிஸ், டெல்பினியம் எல்லாம் ஒருசேரப் பூத்து நிற்கும். ஆகஸ்டில் அதே பாத்திகளில் பாதி பழுப்பேறிவிடும். நவம்பரில் ஈர மண்ணும் காய்ந்த தண்டுகளும் மட்டுமே மிஞ்சும். மார்ச் வரை அதே கோலம்தான். ஆண்டில் ஏழெட்டு வாரம் கண்ணைப் பறித்துவிட்டு மீதி நாளெல்லாம் வெறிச்சோடிக் கிடப்பதுதான் குளிர்நாட்டுத் தோட்டத்தின் விதியா? செடிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையால் அந்த வண்ணத்தை நீட்டிக்க முடியுமா?

இந்தக் கேள்விக்கு ஐரோப்பாவில் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக விடை தேடியிருக்கிறார்கள். கண்ணாடிக் குடில் வைத்திருந்த செல்வந்தர்களும், ஓவியம் பயின்றவர்களும், நாற்றுப் பண்ணைக்காரர்களும், சூழலியலாளர்களும் தத்தம் வழியில் பதில் சொன்னார்கள். முன்னவர் விடையின் ஓட்டையை அடைக்கவே பின்னவர் வந்தார். வந்தவர் புதிய ஓட்டை ஒன்றையும் விட்டுப் போனார். அந்த விடைகளை வரிசைப்படுத்தி, எது எங்கே நிற்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பருவம் போடும் கணக்கு

நம் சமவெளியில் செம்பருத்தியும் இட்லிப்பூவும் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் பூக்கின்றன. அதனால் இந்தச் சிக்கலின் கடுமை நமக்குச் சட்டென்று விளங்காது. லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. டிசம்பரில் எட்டு மணி நேரத்துக்கும் கீழே இறங்குகிறது. அங்கே வாழும் பல்லாண்டுச் செடிகளில் பல, பகலின் நீளத்தையும் குளிரின் அளவையும் கொண்டே காலத்தை அறிகின்றன. குளிர்காலம் முழுவதும் மண்ணுக்கடியில் உறங்கி எழுந்தால்தான் பூக்கும் செடிகள் உண்டு. பகல் குறுகத் தொடங்கிய பிறகே மொட்டு விடும் சாமந்தி வகைகளும் உண்டு.

ஒரு பல்லாண்டுச் செடி சராசரியாக மூன்று, நான்கு வாரங்கள் பூக்கும் என்று கொள்ளலாம். விதை பிடித்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. நெடுநாள் பூப்பவற்றில் சில, விதை பிடிக்க இயலாத மலட்டுக் கலப்பினங்கள். இங்கிலாந்தின் சாமர்செட்டில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் தோன்றிய 'ரோசான்' என்ற ஊதா ஜெரேனியம் அப்படிப்பட்டது. ஜூன் தொடங்கி உறைபனி விழும்வரை பூக்கிறது. ஆனால் விதிவிலக்குகளை மட்டுமே வைத்து ஒரு தோட்டத்தை நிரப்ப முடியாது.

ஆக, ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான ஏழு மாதங்களை மூன்று நான்கு வாரத் துண்டுகளால் ஒட்டுப்போட வேண்டும். எஞ்சும் ஐந்து மாதங்களுக்குப் பூவைத் தவிர வேறு ஏதாவது வேண்டும். விவாதம் முழுவதும் இந்த இரண்டு கணக்குகளைச் சுற்றியே நடந்திருக்கிறது.

முதல் விடை: பெயர்த்து நடுதல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் விக்டோரிய இங்கிலாந்து கண்ட விடை எளிமையானது. பூ முடிந்த செடியைப் பிடுங்கு. பூக்கப் போகும் செடியை நடு. 1845இல் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டதும் கண்ணாடிக் குடில்கள் மலிவாயின. தென்னாப்பிரிக்காவின் பெலார்கோனியம், லொபீலியா, தென்னமெரிக்காவின் கால்சியோலாரியா, வெர்பீனா ஆகியவற்றைக் குடிலுக்குள் வளர்த்து, உறைபனி ஓய்ந்ததும் மே இறுதியில் பாத்திகளுக்கு மாற்றினார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கம்பளம் விரித்தாற்போல் நான்கைந்து மாதம் தொடர்ந்து வண்ணம் கிடைத்தது.

வெப்பநாட்டுச் செடிக்குக் குளிர்நாட்டுக் கோடை ஒரு நீண்ட நல்ல நாள் போன்றது. உறைபனி வந்து கொல்லும்வரை பூத்துக்கொண்டே இருக்கும். தொடர்ச்சி ஒன்றை மட்டும் அளந்தால் இந்த முறையை மிஞ்ச இன்றும் ஆளில்லை. நகராட்சிப் பூங்காக்களும் வட்டச் சாலைத் திட்டுகளும் இன்னும் இதைக் கைவிடாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இதன் குறை செலவில் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை முழுத் தோட்டத்தையும் தோண்ட வேண்டும். எரிபொருள், தண்ணீர், கூலி என்று செலவு நிற்பதில்லை. முதல் உலகப் போருக்குப் பின் தோட்டத் தொழிலாளர் கிடைப்பது அரிதானபோது, பெரிய வீடுகளில் இம்முறை தானாகவே சுருங்கிற்று. செடி ஆண்டோடு வளர்ந்து முதிர்வதைக் காணும் இன்பத்துக்கும் இதில் இடமில்லை.

இரண்டாம் விடை: ஓவியரின் பாத்தி

முதல் எதிர்ப்புக் குரல் அயர்லாந்தில் பிறந்த வில்லியம் ராபின்சனுடையது. 1870இல் வெளியான 'தி வைல்டு கார்டன்' நூலில், குளிரைத் தாங்கும் செடிகளைப் புல்வெளியிலும் மரநிழலிலும் இயல்பாக வளரவிடுங்கள் என்று அவர் வாதாடினார். செடியின் தாயகம் எதுவானாலும் அவருக்குக் கவலையில்லை. பராமரிப்பின்றி வாழ வேண்டும் என்பதே நிபந்தனை. அந்தத் தாராளத்தில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருந்தது. அவர் பரிந்துரைத்தவற்றில் ஜப்பானிய நாட்வீடும் ஒன்று. பிற்பாடு அவரே அதைப் பற்றி எச்சரித்தார். இன்று பிரிட்டனில் அதைக் காட்டில் பரப்புவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ராபின்சனின் தோழி கெர்ட்ரூட் ஜீக்கில் ஓவியம் பயின்றவர். கண்பார்வை மங்கத் தோட்டத்துக்குத் திரும்பியவர். சர்ரேயில் மன்ஸ்டெட் வுட் என்ற தன் வீட்டில் ஏறத்தாழ 200 அடி நீளத்துக்கு ஒரு பாத்தி அமைத்தார். இரு முனைகளிலும் நீலம், வெளிர்மஞ்சள், சாம்பல் இலைகள். நடுவே செம்மஞ்சளும் சிவப்பும். நடந்துபோகிறவரின் கண்ணை மெல்லச் சூடேற்றி மீண்டும் குளிர்விக்கும் ஏற்பாடு அது. 1908இல் வெளியான அவருடைய வண்ண நூல் இன்றும் மறுபதிப்பாகிறது.

தொடர்ச்சிக்கு ஜீக்கில் கையாண்ட உத்திகளில் ஒன்றை உற்றுப் பார்க்கலாம். டெல்பினியம் பூத்து முடிந்ததும் ஆளுயரத் தண்டுகள் நிற்கும். அவற்றைப் பாதியில் வெட்டிவிட்டு, பின்னால் நட்டு வைத்திருந்த பல்லாண்டுப் பட்டாணிக் கொடியை அவற்றின் மேல் படரவிடுவார். பட்டாணி ஓய்ந்ததும் ஊதா க்ளெமாட்டிஸ் கொடியை அதன் மேல் இழுத்துக் கட்டுவார். அதுவும் முடிந்தபின் வெண்ணிறச் சிறுபூ க்ளெமாட்டிஸ். ஓரிடம், நான்கு முறை பூ. அப்படியும் பள்ளம் விழுந்தால் தொட்டியில் வளர்த்த லில்லியையும் ஹைட்ரேஞ்சியாவையும் கொண்டுவந்து இறக்குவார்.

இந்த உத்தியை மேலும் தள்ளிக்கொண்டு போனவர் கிரேட் டிக்ஸ்டர் தோட்டத்தின் கிறிஸ்டோபர் லாயிட். குமிழ்ச் செடி, பல்லாண்டுச் செடி, புதர், கொடி, ஒருபருவச் செடி என்று எதையும் விலக்காமல் அடுக்கடுக்காக நட்டார். குடும்ப ரோஜாத் தோட்டத்தையே 1990களில் அகற்றிவிட்டு வாழை, டேலியா, கன்னா நட்டபோது எழுந்த சலசலப்பு தோட்ட இதழ்களில் நெடுநாள் ஓயவில்லை.

ஜீக்கில் வழியின் பலவீனம் கைகளின் எண்ணிக்கை. சரியான வாரத்தில் வெட்டவும் கட்டவும் நடவும் தேர்ந்த ஆட்கள் வேண்டும். அவரே பருவத்துக்கொரு தனித் தோட்டம் வைத்திருந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. எல்லாப் பருவத்துக்கும் ஒரே பாத்தி போதும் என்று அவர் நம்பியதாகத் தோன்றவில்லை.

மூன்றாம் விடை: புல்லின் வருகை

ஜெர்மனியின் கார்ல் ஃபெர்ஸ்டர் நாற்றுப் பண்ணைக்காரர், எழுத்தாளரும்கூட. பெர்லினை அடுத்த பாட்ஸ்டாம்-போர்னிமில் பண்ணை அமைத்து, 1970இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். ஆண்டுக்கு நான்கு பருவம் போதாது, தோட்டக்காரருக்கு ஏழு வேண்டும் என்பது அவர் கருத்து. முன்வசந்தம், வசந்தம், முன்கோடை, நடுக்கோடை, இலையுதிர்காலம், பின் இலையுதிர்காலம், குளிர்காலம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் செடி தேடினார். குளிர்காலத்தையும் பட்டியலில் சேர்த்ததில்தான் புதுமை. அந்த இடத்தை நிரப்பப் பூவால் முடியவில்லை, புல்லால் முடிந்தது. புற்களும் பெரணிகளும் தோட்டத்துக்குள் நுழைவதைப் பற்றிய அவருடைய நூல் 1957இல் வெளிவந்தது.

அவர் பெயரையே தாங்கிய கலமக்ராஸ்டிஸ் புல்லின் ஓராண்டைப் பார்த்தால் அவர் சொன்னது புரியும். குளிர் விலகத் தொடங்கும்போதே பச்சை தளிர்க்கிறது. ஜூனில் ஊதா கலந்த இளஞ்சிவப்பில் பூங்கதிர் எழுகிறது. ஜூலைக்குப் பின் நெற்கதிர் முற்றியதுபோல் பொன்னிறம். மழைக்கும் காற்றுக்கும் சாயாமல், ஐந்தடிக்கும் மேலாக நேர்க்கோட்டில் குளிர்காலம் முழுவதும் நிற்கிறது. பிப்ரவரி இறுதியில் ஒரு சாண் விட்டு அறுத்தால் போதும். மலட்டுக் கலப்பினம் என்பதால் விதை விழுந்து பரவுவதும் இல்லை. அமெரிக்கப் பல்லாண்டுச் செடியாளர் சங்கம் 2001இல் ஆண்டின் சிறந்த செடியாக இதைத் தேர்ந்தெடுத்தது.

மிஸ்காந்தஸ் இதற்கு மறுதலை. கரும்புக்கும் நாணலுக்கும் நெருங்கிய உறவு. வெப்பம் ஏறினால்தான் வளரும். மே வரை தூங்கும். வட ஜெர்மனியின் குளிர்ந்த கோடையில் பழைய வகைகள் கதிர் விடாமலேயே உறைபனியில் கருகின. ஃபெர்ஸ்டரின் மாணவர் எர்ன்ஸ்ட் பாகெல்ஸ் முன்கூட்டிக் கதிர்விடும் வகைகளை உருவாக்கிய பிறகே அது வடக்கில் பரவியது. குளிர்ப்பருவப் புல், வெப்பப்பருவப் புல் என்ற இந்தப் பிரிவை அறியாமல் வாங்குகிறவர்கள்தான் மே மாதத்தில் ஏமாறுகிறார்கள்.

அழகை அறிவியலாக்க முயன்றவர் ரிச்சர்டு ஹான்சன். மியூனிக்கை அடுத்த வைஹென்ஸ்டெஃபானில் சோதனைத் தோட்டம் நிறுவி, காட்டடி, காட்டு விளிம்பு, திறந்தவெளி, பாறை, நீர்க்கரை என்று வாழிடவாரியாகச் செடிகளை வகைப்படுத்தினார். தனியாக நிற்பது எது, கூட்டமாக வாழ்வது எது என்பதற்கும் படிநிலை வகுத்தார். இடத்துக்குப் பொருந்திய செடி நெடுநாள் வாழும், நெடுநாள் வாழ்வதே நீடித்த வண்ணம் என்பது இந்தப் பள்ளியின் சாரம். எசெக்ஸில் பழைய வண்டி நிறுத்துமிடத்தைச் சரளைத் தோட்டமாக்கி, தண்ணீர் ஊற்றாமலே பூக்கவைத்த பெத் சாட்டோ தன் வழியில் வந்தடைந்ததும் இதே முடிவுதான்.

நான்காம் விடை: காய்ந்ததும் வண்ணமே

நெதர்லாந்தின் பீட் அவுடோல்ஃப் 1982இல் ஹும்மெலோ என்ற சிற்றூரில் குடியேறிப் பண்ணை தொடங்கினார். சிகாகோவின் லூரி தோட்டம் (2004), நியூயார்க்கின் கைவிடப்பட்ட ரயில் மேம்பாலத்தின் மேல் அமைந்த ஹை லைன் (முதல் பகுதி 2009) ஆகியவற்றின் நடவுகள் அவரை உலகறியச் செய்தன. செடியை முதலில் அதன் வடிவத்துக்காகத் தேர்ந்தெடு, பூவின் நிறம் அதற்கடுத்தது என்பது அவர் முறை. குடை, கூர்முனை, பந்து, தட்டு, மூட்டம் என்று பூங்கொத்தின் உருவங்களை அடுக்குகிறார். நிறம் போனாலும் உருவம் நிற்கும்.

எக்கினேசியாவின் இதழ்கள் உதிர்ந்தபின் கறுத்த கூம்பு நிற்கிறது. 'ஹெர்ப்ஸ்ட்ஃப்ராய்டெ' என்ற செடம் ஜூலையில் புரோக்கோலி போலப் பச்சை மொட்டு, ஆகஸ்டில் இளஞ்சிவப்பு, அக்டோபரில் செங்கல் நிறம், ஜனவரியில் காப்பிப் பழுப்பு. ஒரே தண்டு, அரையாண்டு வண்ணம். டிசம்பர் நண்பகலில் ஹும்மெலோவின் அட்சரேகையில் சூரியன் தொடுவானத்துக்கு மேல் பதினைந்து பாகைகூட ஏறுவதில்லை. தாழ்ந்த கதிர் புற்கதிர்களின் பின்னாலிருந்து ஊடுருவும்போது, காய்ந்த புல் விளக்கேற்றியதுபோல் ஒளிர்கிறது. நம் உச்சிவெயிலில் இந்தக் காட்சிக்கு வாய்ப்பு குறைவு.

விமர்சனங்களும் வலுவானவையே. முதலாவது வசந்தகாலப் பள்ளம். பிப்ரவரியில் எல்லாவற்றையும் அறுத்தபின் மே வரை மொட்டைத் தரைதான். பனித்துளிப் பூ, குரோக்கஸ், டூலிப் போன்ற குமிழ்களை ஆயிரக்கணக்கில் புதைத்தே அதை மூட வேண்டியிருக்கிறது. இரண்டாவது, ஈரம். சிகாகோவின் உலர்ந்த கடுங்குளிரில் நிமிர்ந்து நிற்கும் விதைத்தலைகள், பிரிட்டனின் மிதமான மழைக் குளிரில் டிசம்பருக்குள் அழுகிச் சரியக்கூடும். மூன்றாவது, பரப்பு. ஏக்கர் கணக்கில் அழகாகத் தெரியும் புல்மூட்டம், பத்தடிக்குப் பத்தடி முற்றத்தில் வெறும் புதராகத் தோன்றலாம். கடைசியாக, பழுப்பை வண்ணமென்று ஏற்பது பழக்கத்தால் வரும் ரசனை. எல்லாரிடமும் அதை எதிர்பார்க்க இயலாது.

விதைத்த புல்வெளியும் 'மண்ணின் செடி' வாதமும்

ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஹிட்ச்மோ, நைஜல் டன்னெட் இருவரும் நாற்று நடுவதற்குப் பதில் விதைக் கலவை தூவும் முறையை வளர்த்தனர். 2012 லண்டன் ஒலிம்பிக் பூங்கா அதன் பெரிய அரங்கேற்றம். ஒரே சதுர மீட்டரில் பல அடுக்குச் செடிகள் முறைவைத்துப் பூப்பதால் செலவு குறைகிறது, காலம் நீள்கிறது. ஆனால் வட அமெரிக்கப் புல்வெளிச் செடிகளின் இளங்குருத்தை ஆங்கிலேய நத்தைகள் விட்டுவைப்பதில்லை; வளமான மண்ணில் களை முந்திக்கொள்கிறது.

இதனருகே இன்னொரு விவாதம் கொதிக்கிறது. அயல்நாட்டுச் செடி எதற்கு? அமெரிக்கப் பூச்சியியலாளர் டக்ளஸ் டலாமி 2007இல் எழுதிய நூலில், உள்ளூர்ப் புழுக்களுக்கு உள்ளூர் இலையே உணவு என்பதை முன்வைத்தார். பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் விஸ்லியில் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2015 முதல் வெளிவந்தன. மண்ணின் செடிகளுக்கு முன்னுரிமை தருவது நல்லது என்ற அதே ஆய்வு, பருவத்தின் கடைசியில் தேன் தருவதற்கு அயற்செடிகள் உதவுகின்றன என்றும் கண்டது. நீடித்த வண்ணமும் நீடித்த தேனும் இங்கே கைகோர்க்கின்றன எனலாம்.

எனினும் அயற்புல்லின் பின்விளைவு அற்பமன்று. மிஸ்காந்தஸ் கிழக்கு அமெரிக்காவிலும், பாம்பாஸ் புல் கலிபோர்னியாவிலும் நியூசிலாந்திலும் வேலி தாண்டிவிட்டன. மறுபக்கம், 'தூய' மண்ணின் செடி என்ற முழக்கத்துக்கும் இருண்ட வரலாறு உண்டு. நாஜி ஆட்சியில் ஜெர்மானியச் செடிகளை மட்டும் விற்கும்படி வந்த நெருக்கடிக்கு ஃபெர்ஸ்டர் இணங்கவில்லை என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

உதகை தரும் சாட்சி

இந்தக் கேள்வி தமிழ்நாட்டிலும் ஒரு கிளை விட்டிருக்கிறது. கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரகாம் மக்ஐவர் பொறுப்பில் 1848இல் உதகை தாவரவியல் பூங்கா உருவாகத் தொடங்கியது. விக்டோரிய விடை அங்கே இன்றும் உயிரோடிருக்கிறது. மே மாத மலர்க் கண்காட்சிக்காக ஆயிரக்கணக்கான தொட்டிகளில் செடி வளர்த்து அடுக்குவது, பெயர்த்து நடுதலின் தூய வடிவம்தான்.

உதகை குளிர்ந்த ஊரே. ஆனால் குளிர்நாடு அன்று. அங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒன்றேகால் மணி நேரம் அளவே. நெடும்பகலையும் நீண்ட உறக்கத்தையும் எதிர்பார்க்கும் வடநாட்டுச் செடி அங்கே குழம்பிப் போகும். ஃபுக்சியாவும் ஹைட்ரேஞ்சியாவும் அகபாந்தஸும் செழிக்கும். ஐரோப்பியப் பட்டியலை அப்படியே நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ பெயர்ப்பது பயன் தராது.

நீலகிரி சொல்லும் இன்னொரு பாடம் கசப்பானது. புல்லைத் தோட்டத்துக்குள் கொண்டுவர ஐரோப்பா பாடுபட்ட அதே நூற்றாண்டுகளில், சோலைக்காடுகளைச் சூழ்ந்த இயற்கைப் புல்வெளியைத் தரிசு என்று எண்ணி அதன் மேல் சீகையும் யூகலிப்டசும் நட்டார்கள். பிரிட்டிஷார் கொண்டுவந்த மஞ்சள் பூப்புதர்களான கோர்ஸும் ஸ்காட்ச் புரூமும் அந்தப் புல்வெளியை இன்றும் தின்றுகொண்டிருக்கின்றன. பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை பூப்பதும் 2018இல் பூத்ததுமான நீலக்குறிஞ்சி அந்தப் புல்வெளியின் செடி.

தீராதவை, தேறியவை

மூன்று கேள்விகள் இன்னும் திறந்தே இருக்கின்றன. ஒன்று, நீடிப்பை எதனால் அளப்பது? பூத்த நாட்களாலா, பார்க்கத் தகுந்த நாட்களாலா? முதல் அளவுகோலில் பெயர்த்து நடுதல் வெல்லும். இரண்டாவதில் புல் வெல்லும். இரண்டு, பருவமே நகர்கிறது. 2022இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வு, 406 வகைச் செடிகளின் பதிவுகளைக் கொண்டு, பிரிட்டனில் 1986க்குப் பின் முதற்பூ சராசரியாக ஏறத்தாழ ஒரு மாதம் முந்திவிட்டதாகக் கணித்தது. ஜீக்கிலின் வாரக்கணக்கும் ஃபெர்ஸ்டரின் ஏழு பருவமும் இனி எவ்வளவு பொருந்தும் என்பது ஐயமே. மூன்று, அயற்செடியில் எவ்வளவு, எது, எங்கே என்பதற்குப் பொது விடை கிடைக்குமெனத் தோன்றவில்லை. இடத்துக்கு இடம் மாறும்.

தேறியவையும் சில உண்டு. எந்த ஒற்றைப் பள்ளியும் பன்னிரண்டு மாதத்தையும் நிரப்பவில்லை. வசந்தத்துக்குக் குமிழ், முன்கோடைக்கு சால்வியாவும் ஜெரேனியமும், பின்கோடைக்கு எக்கினேசியாவும் ரட்பெக்கியாவும், இலையுதிர்காலத்துக்கு ஆஸ்டரும் செடமும், இவற்றைத் தாங்கிப்பிடிக்கக் குளிர்ப்பருவப் புல் ஒன்றும் வெப்பப்பருவப் புல் ஒன்றும் என்ற கலவையை எதிரெதிர் முகாம்களும் இன்று ஏற்கின்றன. சிறு தோட்டத்துக்கு ஜீக்கிலின் அடுக்குமுறை கூடுதலாகப் பொருந்தும். பெரும் பரப்புக்கு அவுடோல்ஃபின் வடிவமுறை. இரண்டுக்கும் அடித்தளம் ஹான்சனின் மண்ணறிவு.

தேர்வின் வரிசையைத் தலைகீழாக்கியதே இந்த ஒன்றரை நூற்றாண்டின் உறுதியான பேறு: ஜனவரியில் எது நிற்கும் என்று முதலில் கேள், ஆகஸ்டுக்கு எது என்று அடுத்துக் கேள், ஜூனைப் பற்றிக் கடைசியில் யோசி. நாற்றுப் பண்ணையில் செடியை நாம் வாங்குவது அது பூத்திருக்கும் நாளில். நம்மோடு அது வாழப்போவது பூவில்லாத மாதங்களில்.